அப்பா ஏணியில் நிற்கும் லிபரேட்டர் எது? எச்.இ. 8-க்கும் 7-க்கும் நடுவில் என்ன எண்?

செங்காங் சுந்தர் · சனி, இரவு 10.42

வணக்கம். ரெண்டு வருஷமா ஓரமா உட்கார்ந்து படிச்சிட்டுப் போறவன். இது என் முதல் இழை, தப்பிருந்தா பொறுத்துக்குங்க.

போன வாரம் ஈசூனில் அம்மா வீட்டுக்குச் சாயம் அடிக்க ஆள் வந்தாங்க. பீரோவை நகர்த்தினப்ப, அடித்தட்டில் விரிச்சிருந்த பழைய தமிழ் முரசுக்குக் கீழே இந்தப் படம். போஸ்ட்கார்டு அளவு, கறுப்பு வெள்ளை, ஒரு மூலையைப் பூச்சி அரிச்சிருக்கு. நாலு இன்ஜின், ரெட்டை வால் விமானம். வால் பக்கம் ஒரு ஏணி. ஏணியில் பனியனும் அரைக்கால் சட்டையுமா ஒருத்தர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். அது எங்க அப்பா. "அப்பா குண்டு போடற பிளேனை ரிப்பேர் பண்ணினவரு"ன்னு இந்தப் படத்தைக் காட்டித்தான் எங்களுக்குச் சோறு ஊட்டுவாங்க.

அப்பா பெங்களூர் எச்.ஏ.எல். விமான ஆலையில் ஃபிட்டர். 1972-ல் சிங்கப்பூர் சிலேத்தார் விமானத் தளத்தில் வேலை கிடைச்சு இங்க வந்தார். 2009-ல் தவறிட்டார். கேட்க ஆள் இல்லை.

விமானத்தின் உடம்பில் எச்.இ., அப்புறம் 8, கடைசியில் 7 தெரியுது. நடு எண் அப்பா முதுகுக்குப் பின்னாடி மாட்டிக்கிச்சு. இது லிபரேட்டர், ரெண்டாம் உலகப்போர் காலத்து அமெரிக்க குண்டுவீச்சு விமானம்னு கூகிள் சொல்லிடுச்சு. அது எங்க பொறந்தது, எந்தெந்தச் சண்டைக்குப் போச்சு, எங்க போய் முடிஞ்சுதுன்னு தெரிஞ்சிக்கணும். வழி சொல்லுங்க.

பறக்கும் அருண் · சனி, இரவு 10.58

அண்ணே, ஜாக்பாட்! எச்.இ. 807-தான், சந்தேகமே இல்லை. இங்கிலாந்தில் ராயல் ஏர்ஃபோர்ஸ் மியூசியத்தில் இருக்கற லிபரேட்டர் அதுதான். பழைய எண் கே.என். 751. இந்தியப் பெருங்கடல் கொக்கோஸ் தீவிலிருந்து பிரிட்டிஷ் விமானப்படையோட 99-ஆம் ஸ்குவாட்ரனில் பறந்தது. 1974-ல் இந்தியா அன்பளிப்பாக் கொடுத்து, பறந்தே போய்ச் சேர்ந்துச்சு. டிக்கெட் போடுங்க, அப்பா தொட்ட விமானத்தை நேரில் தொட்டுப் பார்க்கலாம்!

சிலேத்தார் சாமி · சனி, இரவு 11.31

தம்பி அருண், கொஞ்சம் பிரேக் போடு லா.

எச்.இ. 877-னு ஒண்ணும் இருக்கு. அது அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்தில், பீமா மியூசியத்தில் நிக்குது. பழைய பிரிட்டிஷ் எண் கே.எச். 304. நடுவில் 0 போட்டா லண்டன், 7 போட்டா அரிசோனா. இந்த ரெண்டும் இல்லாம வேற எண்ணாவும் இருக்கலாம். மியூசியத்தில் இருக்கறதுதான் நமக்குத் தெரியும், அதனால நம்ம படத்தில் இருக்கறதும் அதுதான்னு மனசு ஆசைப்படும். நானும் ஒரு காலத்தில் அப்படி ஆசைப்பட்டு ஏமாந்தவன்தான்.

சுந்தர் தம்பி, உங்க அப்பாவை எனக்குத் தெரிஞ்சிருக்கலாம். 1974-லிருந்து 31 வருஷம் சிலேத்தார் ஹேங்கரிலேயே குப்பை கொட்டினவன் நான். எச்.ஏ.எல்.-லிருந்து வந்தவங்கன்னா எங்களுக்குத் தனி மரியாதை. ரிவெட் அடிக்கிற சத்தத்தைக் கேட்டே நல்லா உட்கார்ந்துச்சா இல்லையான்னு சொல்லுவாங்க.

முதலில் ஒண்ணு புரிஞ்சிக்குங்க. இந்த விமானங்களுக்கு மூணு பேர். நமக்கு வீட்டில் ஒரு பேர், பள்ளிக்கூடத்தில் ஒரு பேர், ஐ.சி. அடையாள அட்டையில் ஒரு பேர் இருக்கற மாதிரி. அமெரிக்காவில் கட்டினப்ப ஒரு எண், பிரிட்டிஷ்காரன் கைக்கு வந்தப்ப ஒரு எண், இந்திய விமானப்படையில் ஒரு எண். அருண் சொன்ன விமானத்துக்கு அமெரிக்க எண் 44-50206. முன்னாடி இருக்கற 44, எந்த நிதியாண்டு ஆர்டர்னு காட்டுது. அரிசோனாவில் இருக்கறது 44-44175. முன்னது மிச்சிகனில் ஃபோர்டு கார் கம்பெனியோட வில்லோ ரன் ஆலையில் பொறந்தது, பின்னது டெக்சாஸில் ஃபோர்ட் வொர்த் ஆலையில். 18,000-க்கு மேல லிபரேட்டர் கட்டியிருக்கான், ஒரே ஆலை எப்படிப் போதும்? வில்லோ ரன்னில் உச்சகட்டத்தில் மணிக்கு ஒண்ணு வெளிய வந்துச்சாம். நம்மாளுக்குக் கோப்பி போடவே அதில் பாதி நேரம் ஆகும்.

தேக்கா மாமா · ஞாயிறு, காலை 7.15

அதே விமானம்தான் சிங்கப்பூர் மேலயும் குண்டு போட்டுச்சு. எங்க பாட்டி செம்பவாங்கில் இருந்தவங்க. ஜப்பான்காரன் காலத்தில், வெள்ளி வெள்ளியா உசரத்தில் வரிசையாப் போச்சாம், கப்பல் தளத்துப் பக்கம் பூமி அதிர்ந்துச்சாம். கோழியெல்லாம் ரெண்டு நாள் முட்டை போடலையாம்.

நூலகத்து வாணி · ஞாயிறு, காலை 9.02

மாமா, பாட்டி பார்த்தது நிஜம். ஆனால் அது லிபரேட்டர் இல்லை, பி-29 என்ற வேறொரு அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம். 1944 நவம்பர் 5 அன்று வங்காளத்தில் கரக்பூரைச் சுற்றியிருந்த தளங்களிலிருந்து 76 விமானங்கள் கிளம்பின. குறி, செம்பவாங் கடற்படைத் தளத்தில் கப்பல் பழுதுபார்க்கும் ஆறாம் ஜார்ஜ் உலர்துறை. அந்தத் துறை மூன்று மாதம் போல வேலைக்கு ஆகாமல் கிடந்தது. 1945 பிப்ரவரி 1-ஆம் தேதி வந்தபோது மிதவைத் துறையை மூழ்கடித்தார்கள். பாட்டி எந்த நாளைச் சொன்னார் என்று கோழிகளைத்தான் கேட்க வேண்டும்.

லிபரேட்டரும் இங்கே வந்திருக்கிறது, வேறு வேலையாக. 1945 மார்ச்சில் இலங்கை மின்னேரியாவிலிருந்து 160-ஆம் ஸ்குவாட்ரன் வந்து சிங்கப்பூர் கடலில் கண்ணிவெடி போட்டுப் போனது. போக வர இருபது மணி நேரம் போல. ஜப்பான் சரணடைந்த பிறகு கைதி முகாம்களுக்குச் சாப்பாடும் மருந்தும் போட்டதிலும் லிபரேட்டர்களுக்குப் பங்கு உண்டு. குண்டு போடக் கட்டிய விமானம் பால் டின் போட்டது!

சுந்தர் சார் கேட்டதற்கு வருகிறேன். தாள்கள் எங்கே இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும், பிழைப்பே அதுதான். பிரிட்டிஷ் விமானம் ஒவ்வொன்றுக்கும் "படிவம் 78" என்று ஓர் அட்டை உண்டு. எந்த நாள் எந்தப் பிரிவுக்குப் போனது, எப்போது கணக்கிலிருந்து தள்ளினார்கள் என்று வரிவரியாக இருக்கும். ஆனால் கிழக்கே வந்த விமானங்களின் அட்டையில் பெரும்பாலும் நாலு வரிதான், நடுவில் ஒரு வருடமே காணாமல் போயிருக்கும். ஓட்டையை அடைக்க ஸ்குவாட்ரனின் நாட்குறிப்புக்குப் போக வேண்டும். படிவம் 540-இல் தினசரி நடப்பு, 541-இல் எந்த விமானம், யார் ஓட்டினார், எத்தனை மணிக்கு ஏறி இறங்கியது. லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் "ஏர் 27" என்ற வரிசையில் அவை இருக்கின்றன. 541-இல் சில எழுத்தர்கள் முழு எண்ணை எழுதுவார்கள், சில சோம்பேறிகள் வெறும் "எஃப்", "ஆர்" என்று ஒற்றை எழுத்தோடு விட்டுவிடுவார்கள். அந்த எழுத்து, விமானம் அழிந்ததும் அடுத்ததற்குப் போய்விடும். நிறைய பேர் வழுக்கி விழுகிற இடம் இது.

எண் சரியாகக் கிடைத்துவிட்டால் தாள் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. 1945 ஆகஸ்ட் 23, அதாவது சண்டை முடிந்த மறு வாரம், 356-ஆம் ஸ்குவாட்ரனின் கே.எல். 654 நெகிரி செம்பிலான் காட்டில் விழுந்தது. மலாயாக் காட்டிலிருந்த படைக்குச் சரக்கு போட வந்த விமானம், எட்டுப் பேர். அவர்களை அடக்கம் செய்தது 2012-இல், கோலாலம்பூர் செராஸ் சாலைக் கல்லறையில்.

செங்காங் சுந்தர் · ஞாயிறு, காலை 11.20

வாணி அக்கா, சாமி அண்ணே, ரொம்ப நன்றி. ஒண்ணு புரியலை. பிரிட்டிஷ் விமானம் எப்படி பெங்களூருக்கு வந்துச்சு? வாங்கினாங்களா?

சிலேத்தார் சாமி · ஞாயிறு, மதியம் 1.47

வாங்கலை தம்பி, பொறுக்கினாங்க.

அமெரிக்கா பிரிட்டனுக்கு இந்த விமானங்களைக் கடனாக் கொடுத்தான். சண்டை முடிஞ்சா திருப்பிக் கொடுக்கணும், இல்லாட்டி யாருக்கும் பயன்படாம அழிச்சிடணும். இத்தனை ஆயிரம் மைல் எவன் திருப்பி ஓட்டிட்டுப் போவான்? கான்பூர் சக்கேரி மைதானத்தில் கொண்டுவந்து வரிசையா நிறுத்தி உடைச்சான். இன்ஜினுக்குள்ள மண்ணைக் கொட்டினான், எண்ணெய் இல்லாம ஓடவிட்டு இறுக வச்சான், உடம்பை இடிச்சு ஓட்டை போட்டான். அப்படியே வெயிலிலும் மழையிலும் போட்டுட்டுக் கப்பல் ஏறிட்டான்.

சுதந்திரம் வாங்கி, காஷ்மீர் சண்டை வந்து, கையில் ஒரு கனரக குண்டுவீச்சு விமானம்கூட இல்லாம நின்னப்பதான் எச்.ஏ.எல்.-காரங்க கான்பூருக்குப் போய் அந்தக் குப்பையைப் பார்த்தாங்க. இதோட றெக்கை, அதோட வால், இன்னொண்ணோட இன்ஜின்னு சேர்த்து, பெங்களூர் வரைக்கும் பறக்கற அளவுக்கு மட்டும் அங்கேயே ஒட்டினாங்க. ஜம்ஷெத் முன்ஷின்னு எச்.ஏ.எல். பைலட், அந்த ஒட்டு விமானங்களை ஒவ்வொண்ணா பெங்களூருக்கு ஓட்டிட்டு வந்தார். 42 தடவை! முழு ரிப்பேர் பெங்களூரில்தான். 1948 நவம்பரில் 5-ஆம் ஸ்குவாட்ரன் கைக்கு முதல் விமானங்கள் போயிடுச்சு. 1968 வரைக்கும் ஓட்டினாங்க. இன்னிக்கு உலகத்து மியூசியங்களில் நிக்கிற லிபரேட்டரில் கிட்டத்தட்ட பாதி உயிரோட இருக்கறது அந்த ஃபிட்டர்களாலதான்னு நான் சொல்லுவேன். யாரும் சண்டைக்கு வராதீங்க.

இன்னொரு விஷயம். எச்.ஏ.எல்.-காரங்களுக்கு லிபரேட்டர் புதுசு இல்லை. சண்டைக் காலத்தில் அந்த ஆலை அமெரிக்க விமானப்படையோட ரிப்பேர் டிப்போ. கை பழகின விமானம்தான்.

இப்ப சிக்கல் புரியுதா? மூணு விமானத்தைச் சேர்த்து ஒண்ணு செஞ்சா, எதோட வரலாறு அதுக்குச் சொந்தம்? எங்க தொழிலில் விதி சுலபம். நடு உடம்பில் ஒரு தகரத் தகடு ரிவெட் அடிச்சிருக்கும், அதில் இருக்கறதுதான் பேர். மத்ததெல்லாம் உதிரி. ஆனா உதிரியும் பேசும். 80-களில் ஒரு கம்பெனியில் பழைய விமானம் ஒண்ணுக்கு இன்ஜின் மூடியைக் கழட்டினேன். உள்பக்கம், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், மஞ்சள் பெயின்டில் மூணு எண். அந்த விமானத்தோட எண் இல்லை. லாக் புக்கைப் புரட்டினா "மூடி மாற்றப்படவில்லை"ன்னு கையெழுத்தோட இருக்கு. மேலாளர்கிட்ட காட்டினேன். "பெயின்ட் அடிச்சு மூடிடு"ன்னுட்டார். மூடிட்டேன். இன்னிக்கும் உறுத்தும்.

பறக்கும் அருண் · ஞாயிறு, மதியம் 2.05

சரி, தோத்தேன். ஆனா 807, 817, 827ன்னு 897 வரைக்கும் பத்து வாய்ப்பு. அதில் 807-க்கு பத்தில் ஒரு பங்கு உண்டு இல்லையா?

நூலகத்து வாணி · ஞாயிறு, மதியம் 2.40

அதைவிடக் கூடுதலாகவே இருக்கலாம் அருண். கனடா மியூசியத்தில் இருப்பது 773, டெல்லி பாலத்தில் இருப்பது 924. இடையில் நூற்றைம்பது எண்கள், ஆனால் விமானங்களோ நாற்பத்திச் சொச்சம். ஆக எண்களை வரிசையாக அடுக்கவில்லை, தாவித் தாவித்தான் போட்டிருக்கிறார்கள். உங்கள் பத்தில் பல எண்கள் எந்த லிபரேட்டருக்கும் போயிருக்காது.

சுந்தர் சார், ஒரு உதவி. எண்ணுக்கு முன்னால், ஏணியின் இடது காலை ஒட்டி, ஒரு வட்டத்தின் பாதி தெரிகிறதே, அதை மட்டும் பெரிதாக ஸ்கேன் செய்து போட முடியுமா? உள்ளே கோடு கோடாக இருப்பது அழுக்கா, சக்கரத்தின் ஆரமா என்று பார்க்க வேண்டும்.

செங்காங் சுந்தர் · ஞாயிறு, மாலை 6.33

பிராஸ் பசா பக்கம் ஒரு கடையில் கொடுத்து 1200 டிபிஐ-யில் எடுத்திருக்கேன். படம் இணைப்பில். அழுக்கு இல்லை அக்கா. வெள்ளைத் தட்டில் சக்கரம் மாதிரி, ஆரம் தெளிவா எண்ண முடியுது.

நூலகத்து வாணி · ஞாயிறு, மாலை 7.10

அது அசோகச் சக்கரம். இந்திய விமானப்படை சுதந்திரத்துக்குப் பின் கொஞ்ச காலம்தான் அதை விமானத்தில் போட்டது, 1948 முதல் 1950 வரை. குடியரசானதும் காவி, வெள்ளை, பச்சை வளையத்துக்கு மாறிவிட்டார்கள். கறுப்பு வெள்ளைப் படத்திலும் அது வளையத்துக்குள் வளையமாகத்தான் தெரியும், ஆரம் இருக்காது.

கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். அப்பா எந்த வருடம் பிறந்தார்?

செங்காங் சுந்தர் · ஞாயிறு, மாலை 7.14

1938. எச்.ஏ.எல்.-இல் சேர்ந்தது 1957.

செங்காங் சுந்தர் · ஞாயிறு, மாலை 7.15

அய்யோ.

பறக்கும் அருண் · ஞாயிறு, மாலை 7.22

இருங்க இருங்க. பழைய பெயின்டை அழிக்காம அப்படியே வச்சிருந்தா? 57-லயும் சக்கரம் இருந்திருக்கலாமே?

சிலேத்தார் சாமி · ஞாயிறு, இரவு 8.05

ஒரு வருஷம், ரெண்டு வருஷம்னா இருக்கலாம் தம்பி. ஏழு வருஷம் முடியாது. ரிப்பேருக்கு ஹேங்கர் உள்ள வந்தா முதல் வேலை பெயின்டைச் சுரண்டறது. பெயின்டுக்குக் கீழதான் விரிசல் ஒளிஞ்சிருக்கும். வெளிய போகும்போது புதுச் சின்னத்தோடதான் போகும்.

படத்தை நானும் பெருசாக்கிப் பார்த்தேன். ஏணியில் இருக்கற ஆளுக்கு இருபத்தஞ்சாவது இருக்கும். பதினோரு வயசுப் பையன் இல்லை அது. சுந்தர், மனசை விட்டுடாதே. வீட்டில் பெரியவங்க யாராவது இருந்தா கேளு.

செங்காங் சுந்தர் · திங்கள், இரவு 9.50

இன்னிக்கு வேலை முடிஞ்சு நேரா ஈசூன் போனேன். ஒண்ணும் சொல்லாம, ஸ்கேன் எடுத்த பெரிய படத்தை அம்மா கையில் கொடுத்து "இது யாரும்மா?"ன்னு மட்டும் கேட்டேன்.

கண்ணாடியைப் போட்டு, ட்யூப்லைட்டுக்குக் கீழ போய்ப் பார்த்தாங்க. "உங்க பெரியப்பாடா"ன்னாங்க. சாதாரணமா, கத்தரிக்காய் வெல சொல்ற மாதிரி.

"அப்பான்னுதானே எங்களுக்குக் காட்டினீங்க?"ன்னேன். "நான் எங்கடா காட்டினேன், உங்க அப்பத்தா காட்டினாங்க. அவங்களுக்குக் கடைசியில் ரெண்டு புள்ளையும் ஒரே புள்ளையாயிட்டாங்க. காதைப் பாரு, உங்க அப்பாவுக்கு இப்படிக் காது நிக்காது"ன்னாங்க. இப்ப பார்த்தா காது நிக்குது. அம்பது வருஷமா நான் அந்தக் காதைப் பார்க்கவே இல்லை.

பெரியப்பா சண்டைக் காலத்திலேயே அந்த ஆலையில் சேர்ந்தவராம். "வெள்ளைக்காரன் மிட்டாய் கொண்டாருவாரு, மெல்லணும், முழுங்கக் கூடாது"ன்னு அப்பா சொன்னதா அம்மா சொன்னாங்க. அப்பாவை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவர்தான். 1961-ல் காமாலையில் போயிட்டார். ஒரு மக, எனக்கு அக்கா முறை, ஓசூரில் இருக்காங்க. அப்பா சாவுக்கு அப்புறம் பேச்சே இல்லை.

மட்டுறுத்துநரே, இழைத் தலைப்பில் "அப்பா"வை எடுத்துட்டு "பெரியப்பா"ன்னு போட முடியுமா?

தேக்கா மாமா · திங்கள், இரவு 10.12

சுவிங்கம் தம்பி அது! அமெரிக்கன் டிப்போன்னு சாமி சொன்னாரே, கணக்கு சரியா இருக்கு. இங்க கொண்டாந்தா இப்ப ஃபைன் போடுவான்.

சிலேத்தார் சாமி · செவ்வாய், காலை 6.40

தூக்கம் வரலை, உன் ஸ்கேனை மறுபடி பார்த்துட்டிருந்தேன். பெரியப்பா இடது கையை இடுப்பில் வச்சிருக்கார். முழங்கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு முக்கோணச் சந்து. அதுக்குள்ள நடு எண்ணோட அடிப்பக்கம் தெரியுது. அது வளைஞ்சிருக்கு, கிண்ணத்தோட அடி மாதிரி.

7-க்கு அடி வளையாது, ஒத்தக் கால். 1, 4 அதே கதை. 2-க்கு அடி தட்டை. ஆக, அரிசோனா விமானம் இல்லை. மிச்சம் 0, 3, 5, 6, 8, 9. அருண், உன் லண்டன் விமானம் இன்னும் ஆட்டத்தில் இருக்கு, சந்தோஷமா?

பறக்கும் அருண் · செவ்வாய், காலை 7.30

சாமி ஐயா, காலில் விழறேன். இனிமே படத்தைப் பார்க்காம எண்ணைச் சொல்ல மாட்டேன்.

நூலகத்து வாணி · செவ்வாய், காலை 8.55

அருமை, சாமி அண்ணே. இனி நேர்வழி ஒன்றுதான் பாக்கி. அமெரிக்க அட்டைகள் அலபாமாவில் மேக்ஸ்வெல் விமானப்படைத் தளத்தின் வரலாற்று ஆய்வு முகமையில் மைக்ரோஃபிலிமாக இருக்கின்றன. ஆனால் பிரிட்டனுக்குக் கொடுத்தாயிற்று என்ற வரியோடு அவை நின்றுவிடும். கே.என்., கே.எச். எண்களின் படிவம் 78-ஐ வைத்துக் கான்பூர் வரை வரலாம். கான்பூர் எண்ணையும் எச்.இ. எண்ணையும் இணைக்கிற கண்ணி பெங்களூரில்தான் இருக்க வேண்டும், வேலை பார்த்தவர்கள் கையில் வைத்திருந்த தாள்களில். சுந்தர் சார், ஓசூர் அக்காவிடம் பேசுங்கள். எண்ணுக்காக இல்லாவிட்டாலும்.

செங்காங் சுந்தர் · வியாழன், இரவு 11.05

பேசிட்டேன். முதல் அஞ்சு நிமிஷம் அக்கா "யாரு, யாரு"ன்னாங்க, அடுத்த பத்து நிமிஷம் அழுதாங்க, அப்புறம் நான் ஏன் கல்யாணத்துக்குச் சொல்லலைன்னு திட்டினாங்க. என் கல்யாணம் 1999.

படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவங்ககிட்ட பெரியப்பா படமே ஒண்ணு கூட இல்லையாம், இருந்த ஒரே படம் மாலை போட்டு மாட்டி, வெள்ளத்தில் நனைஞ்சு மூஞ்சி போயிடுச்சாம். நல்ல அச்சு போட்டு அனுப்பறேன்னு சொல்லியிருக்கேன்.

ஆனா பெரியப்பாவோட தகர ட்ரங்குப் பெட்டி ஒண்ணு பரணில் இருக்காம். உள்ள நோட்டு மாதிரி என்னமோ இருக்குன்னு அவங்க அம்மா சொல்லுவாங்களாம், திறந்து பார்த்தது இல்லையாம். சாவி எங்க போச்சுன்னு தெரியலை. அக்கா மகன் சனிக்கிழமை லீவு. சுத்தியல் வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கேன்.

சிலேத்தார் சாமி · வியாழன், இரவு 11.18

சுத்தியல் வேண்டாம். பூட்டுக் கொண்டியில் ரிவெட் இருக்கும், அதோட தலையை மட்டும் அரத்தால ராவச் சொல்லு. எச்.ஏ.எல்.-காரர் பெட்டி, அவரே அடிச்ச ரிவெட்டா இருக்கும். படம் எடுத்துட்டு ராவச் சொல்லு.